பூட்டிய சிப்பில் ஏழு சதவீதம்

சாரல் காலம் வந்தால் தென்காசியில் துணி காயாது, அப்பளம் அரை மணி நேரத்தில் நமத்துப்போகும், தீக்குச்சியை நாலு தடவை உரச வேண்டும். ஆனால் கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. மேற்கே கணவாய் வழியாக வருகிற காற்றிடம் ஏ.சி. தோற்றுப்போகும். சித்திரையில் எண்பது டிகிரிக்குக் கொதிக்கிற சிப், ஆனி பிறந்ததும் ஐம்பத்தைந்துக்கு இறங்கி, மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், விஷயம் வெளியே வந்ததும் ஊரில் எல்லோரும் "வேகத்தைக் கூட்டினான், மெஷின் சூடாகிப் படுத்துவிட்டது" என்றுதான் பேசப்போகிறார்கள். அந்த மெஷின் இந்தச் சீசனில் ஒரு நாள்கூட அறுபதைத் தாண்டியதில்லை. படுக்கவும் இல்லை. நான் வேலை தெரிந்தவன், சூட்டைக் கவனிக்காமல் எதையும் செய்ய மாட்டேன்.

என் பெயர் ஆவுடையப்பன். வயது முப்பத்தெட்டு. தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் பதினான்கு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இன்று காலை நானாகத்தான் இங்கே வந்தேன், யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. "மேடம், நல்லக்கண்ணு அண்ணாச்சியை விட்டுருங்க. அவுக அன்னைக்குத் தூங்கலை" என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஜெயபிரியா மேடம் என்னை உட்காரச் சொன்னார்கள். ரைட்டரைக் கூப்பிடவா என்று கேட்டார்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். ரைட்டர் எழுதினால் "கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு செய்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். விவரம் போய்விடும். மேடம் வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தார்கள். டீ வந்தது. இஞ்சி கொஞ்சம் தூக்கல், ஆனால் நல்ல டீ.

என் கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, லாக் பண்ணின பிராசஸரை ஓவர்க்ளாக் பண்ணினா பிரயோசனம் உண்டா?" நல்ல கேள்விதான். மேடத்துக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சிப்பின் வேகம் என்பது வெறும் பெருக்கல். கீழே இருக்கிற போர்டு ஒரு தாளம் தட்டும். அதை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் அதை முப்பத்து மூன்றால் பெருக்கிக்கொண்டு மூவாயிரத்து முந்நூறில் ஓடும். விலை கூடின சிப்பில் அந்த முப்பத்து மூன்றை நாம் நாற்பதாக மாற்றலாம். அதற்குப் பெயர்தான் ஓவர்க்ளாக். விலை குறைந்த சிப்பில் முப்பத்து மூன்றைக் கம்பெனிக்காரனே பூட்டி அனுப்பிவிடுகிறான். ஊரில் முக்கால்வாசிப் பேர் இதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் உட்காருகிற ஆள் இல்லை. பெருக்குகிற எண்ணைத்தானே பூட்டினான்? தாளத்தைப் பூட்டவில்லையே. நூறை நூற்று மூன்றாக்கலாம், பழைய போர்டு என்றால் நூற்று ஐந்துகூட ஆக்கலாம். அதற்கு மேலே போவதற்குக் கைராசி வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளத்தை நம்பி ஓடுவது சிப் மட்டுமல்ல. நெட்வொர்க் கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாமே அதே தாளத்துக்குத்தான் அடியெடுத்து வைக்கின்றன. கோயில் கொடை விழாவில் மேளக்காரன் திடீரென்று வேகத்தைக் கூட்டினால் இளவட்டங்கள் ஆடிவிடுவார்கள். முளைப்பாரி தூக்கி வருகிற பெண்கள் கால் தடுமாறுவார்கள். அது மாதிரிதான்.

எங்கள் தொழிலில் முகம்மது சலீம் என்று ஒருவர் இருக்கிறார். துபாயில் எட்டு வருஷம் சர்வர் அறையில் வேலை பார்த்துவிட்டு வந்து, எனக்கு எதிர்ச் சாரியில் கடை போட்டிருக்கிறார். நல்ல மனிதர், பெருநாளைக்கு முதல் பிரியாணி எனக்குத்தான் வரும். ஆனால் வாயைத் திறந்தால் வாத்தியார். இந்த விஷயத்தில் அவருடைய கட்சி வேறே. "ஏ ஆவுடை, பூட்டினவன் என்ன முட்டாப்பயலா? அஞ்சு சதவீதத்துக்கு ஆசைப்பட்டு மெஷினை நடுங்க விடாதே. வேலை மெனக்கெட்டு வெனையை வெலைக்கு வாங்குத கதைதான் இது" என்பார். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொல்வார். பத்துப் பேரும் தலையை ஆட்டுவார்கள். துபாய் ரிட்டர்ன் சொன்னால் ஆட்டத்தானே செய்வார்கள்.

இனி பால்வண்ணம் ரிசார்ட்டுக்கு வருகிறேன். குற்றாலத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கிறது. முதலாளி பால்வண்ணநாதன். தோட்டத்துக்குள்ளேயே ஓர் ஓடை, அந்த ஓடையில் முப்பதடி அருவி. பெரிய அருவிகளில் கூட்டம் நெரிகிற நாளில், காசு உள்ளவர்கள் இங்கே வந்து நிம்மதியாகத் தலையைக் கொடுப்பார்கள். இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி மேடத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே காட்டில் கொட்டித் தீர்க்கும். கீழே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். குளிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும்.

அதைச் சொல்வதற்குத்தான் நல்லக்கண்ணு அண்ணாச்சி. வடகரைக்காரர், ஐம்பத்தாறு வயது. பன்னிரண்டு வருஷமாக ஓடையின் மேல்மடையில், ஒரு பாறை மேல் விசிலோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கலங்கினால் விசில். போன வருஷம் முதலாளி நவீனமாக்கினார். மேல்மடையில் ஒரு கேமரா வைத்தோம். பாறையில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டோம். அண்ணாச்சியைக் கீழே ஒரு சின்ன அறையில் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, கைக்கு எட்டுகிற இடத்தில் சைரன் பட்டனைக் கொடுத்தோம். தண்ணீர் கலங்கினாலோ, கோட்டைத் தொட்டாலோ அழுத்த வேண்டும். மேல்மடையிலிருந்து வெள்ளம் அருவிக்கு வர ஆறு நிமிஷம் ஆகும். அறுபது பேரை வெளியேற்ற நாலு நிமிஷம் போதும். ஒத்திகை பார்த்தபோது நான்தான் செல்போனில் நேரம் பார்த்துச் சொன்னேன்.

அண்ணாச்சிக்குத் திரை மேல் நம்பிக்கை வரவில்லை. "தம்பி, தண்ணின்னா எனக்கு வாசத்துலயே தெரிஞ்சிரும். இந்தப் படம் உசுரோட இருக்கா செத்துட்டான்னு நான் எங்கன போயிக் கண்டுபிடிக்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் திரையின் வலது மூலையைக் காட்டினேன். அங்கே மணி, நிமிஷம், நொடி ஓடும். கேமராவே அனுப்புகிற நேரம் அது. படம் நின்றால் அதுவும் நின்றுவிடும். "நொடி ஓடுதா பாருங்க அண்ணாச்சி. நொடி ஓடுச்சுன்னா படம் உசுரோட இருக்கு." அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வாய் வெற்றிலை போடக் குனிந்தால்கூட, நிமிர்ந்ததும் முதலில் நொடியைத்தான் பார்ப்பார்.

ஒரு கேமராவோடு நின்றிருந்தால் மெஷின் தாங்கியிருக்கும். முதலாளி சமையலறைக்கு ஒன்று, கார் நிறுத்துகிற இடத்துக்கு இரண்டு என்று எட்டு கேமரா ஆக்கிவிட்டார். படம் திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. மெஷின் மாற்றலாம் என்றேன். அடுத்த சீசனுக்குப் பார்ப்போம் என்றார். இந்தப் பேச்சு டீக்கடைக்கு வந்தது. சலீம் பாய் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சமையக்கட்டு கேமராவைக் கழட்டு. படம் தானா ஓடும். அதுல போயி உன் ஓவர்க்ளாக் வித்தையைக் காட்டிராத, அங்கன ஆள் குளிக்கி."

காட்ட மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பு சரியில்லை.

மறுநாள் காலை போய் உட்கார்ந்தேன். நூற்று மூன்றில் ஓடியது, நூற்று ஐந்திலும் ஓடியது. நூற்றெட்டு வைத்தால் விண்டோஸ் ஏற மறுத்தது. நூற்றேழில் ஏறியது. பூட்டிய சிப்பில் நூற்றேழு என்பது சாதாரணக் காரியம் இல்லை மேடம். நூற்றேழை முப்பத்து மூன்றால் பெருக்கினால் மூவாயிரத்து ஐந்நூற்று முப்பத்தொன்று. சுளையாக ஏழு சதவீதம். எட்டு கேமராவும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடின. நூற்று மூன்றில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நூற்று மூன்றை யார் போட்டோ எடுத்து அனுப்புவார்கள்?

தென்காசி வட்டாரத்து சர்வீஸ்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் அந்த எண்ணைப் போட்டேன். நாற்பத்தோரு கட்டைவிரல் விழுந்தது. சங்கரன்கோவிலிலிருந்தெல்லாம் போன் போட்டுக் கேட்டார்கள். சலீம் பாய் மட்டும் ஒரு வரி எழுதினார்: "ஒரு நாள் ஓடுவது பெரிதல்ல. சீசன் முழுக்க ஓடட்டும், நானே மாலை போடுகிறேன்." சரி, மாலைக்குச் சொல்லி வையுங்கள் என்று பதில் போட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதல் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பதினோராவது நாள் அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, நொடி நின்னுட்டு." என் செல்போனிலிருந்தே அந்த மெஷினுக்குள் போய், கேமரா புரோகிராமை மூடித் திறந்தேன். ஒரு நிமிஷ வேலை. நெட்வொர்க் கார்டு தாளம் தப்பியிருந்தது, அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து மறுபடியும் நின்றது. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. படம் நின்றால் பீப் என்று கத்துகிற வசதி வேறு அந்தப் புரோகிராமில் இருந்தது. ரிசப்ஷனிலும் அது கேட்கும். முதலாளி, "என்ன ஆவுடை, உன் மெஷின் கோழி மாதிரி கத்துதே" என்றார். அந்தப் பீப்பை நிறுத்திவைத்தேன்.

ஒரு நாள் டீக்கடையில் எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போது அண்ணாச்சியின் போன் வந்தது. அவர் போனில் பேசினால் மைக் வேண்டாம். "தம்பி, நொடி திரும்பியும் நின்னுட்டு" என்பது டீ மாஸ்டர் வரைக்கும் கேட்டது. சலீம் பாய் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எது நின்னுட்டு?" என்றார். "அவுக வாட்ச்சு பாய்" என்றேன். அவர் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு ஏற்பாடு செய்தேன். கேமரா அனுப்புகிற நேரத்தைத் திரையில் வராதபடி எடுத்துவிட்டேன். அதே மூலையில், அதே அளவு, அதே வெள்ளை எழுத்தில், கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஒட்டினேன். படம் ஓடினாலும் நின்றாலும் அது பாட்டுக்கு ஓடும். வேலை சுத்தம், நானே பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. கடையிலிருந்து செல்போனில் பார்த்து, நின்றிருந்தால் நானே புரோகிராமை மூடித் திறந்துகொள்வதாக முடிவு செய்தேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்தேன். யாருக்கும் தொந்தரவு இல்லை.

அண்ணாச்சிக்கு ரொம்ப சந்தோஷம். "தம்பி கை வச்சதுக்கு அப்புறம் நொடி ஒரு தடவைகூட நிக்கல" என்று வடகரையிலிருந்து ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனார். நல்ல பழம், நாலு நாள் சாப்பிட்டோம்.

ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடையைத் திறக்கும்போதே புளியறைப் பக்கம் மலை கறுத்துக் கிடந்தது. தென்காசியில் வெயில். பால்வண்ணம் ரிசார்ட்டில் ரிசப்ஷன் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள், போனேன். அங்கே சலீம் பாய் இருந்தார். பில் போடுகிற மெஷினை அவர்தான் பார்க்கிறார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ரிசப்ஷன் சுவரிலும் ஒரு திரை உண்டு. அண்ணாச்சி அறையில் தெரிகிற அதே படம்தான் இதிலும் தெரியும். சலீம் பாய் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். நான் பிரிண்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் மேல்மடைப் படத்தைப் பார்த்தேன். பாறை ஓரத்து நுரையில் ஒரு மஞ்சள் இலை பாதிச் சுழற்சியில் நின்றிருந்தது. ஓடுகிற தண்ணீரில் இலை நிற்காது மேடம். மூலையில் மணி பதினொன்று நாற்பத்திரண்டு. நொடி அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது சிவகிரியிலிருந்து ஒரு குடும்பம் உள்ளே வந்தது. நிவேதா என்று ஒரு பெண், அவளுடைய கணவன் விஜய்பாண்டி, மாமியார் சங்கரம்மாள். பெயரெல்லாம் எனக்குப் பிறகு பேப்பரில் பார்த்துத்தான் தெரியும். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்ததாம். மாமியாரும் மருமகளும் அப்போதே தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "அண்ணே, தண்ணி நல்லா விழுதா? பயமில்லையே?"

சலீம் பாய் திரும்பினார். அவளுக்காகத் திரும்பவில்லை, என்னைப் பார்க்கத்தான். "என்ன ஆவுடை, நூத்தேழு இன்னும் ஓடுதா?" என்று சிரித்தார்.

"ஓடுது பாய்" என்றேன். அந்தப் பெண்ணிடம், "நல்லா விழுது, போங்கம்மா" என்றேன். இரண்டு பதிலையும் ஒரே மூச்சில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

செல்போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. புரோகிராமை மூடித் திறந்தால் போதும். ஆனால் அந்த ஒரு நிமிஷம் திரை கறுப்பாகிவிடும். சலீம் பாய் நின்றுகொண்டிருக்கிறார். கறுத்த திரையைப் பார்த்தால் அன்றைக்கே குரூப்பில் எழுதிவிடுவார். நிதானமாக யோசித்தேன், பதறவில்லை. இந்த ஐம்பது நாளில் இருபது தடவையாவது படம் நின்றிருக்கும், ஒரு தடவையாவது ஏதாவது ஆனதா? ஆகவில்லை. அவர் வேலை முடிந்துவிட்டது, போய்விடுவார். அவர் போனதும் பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அது சரியான முடிவுதான்.

சலீம் பாய் அன்றைக்கென்று நிதானமாகக் கிளம்பினார். ஸ்க்ரூ டிரைவர்களை அளவுவாரியாகப் பைக்குள் அடுக்கினார். மீதி டீயை ஊதிக் குடித்தார். ஹெல்மெட்டைத் தேடினார், அது அவர் காலடியில்தான் கிடந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, மகள் பர்சானாவுக்கு லேப்டாப் வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டார். எது நல்லது என்று சொன்னேன். அதற்குள் விஜய்பாண்டி லாக்கர் சாவி கிடைக்காமல் ரிசப்ஷனில் நின்றுகொண்டிருந்தான். பெண்கள் இரண்டு பேரும் முன்னால் போய்விட்டார்கள்.

சலீம் பாயின் பைக் சத்தம் கேட்டு வளைவு திரும்பியதும் செல்போனை எடுத்தேன். திரை கறுத்தது. படம் திரும்பி வந்தபோது மணி பதினொன்று நாற்பத்தெட்டு. பாறை இல்லை, சிவப்புக் கோடு இல்லை. திரை முழுக்கச் செம்மண் தண்ணீர். நல்லக்கண்ணு அண்ணாச்சி மூன்றாவது நொடியில் சைரனை அழுத்தினார். அதற்கு நான் சாட்சி, நான் எண்ணினேன். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்த நிமிஷம் அருவியில் வெள்ளம் விழுந்தது. ஓரத்தில் நின்றவர்கள் தப்பித்துவிட்டார்கள். தலையைக் கொடுத்து நடுவில் நின்றது நிவேதாவும் சங்கரம்மாளும். கடைசிவரை கையை விடவில்லை என்று சொன்னார்கள்.

எல்லோரும் அருவிப் பக்கம் ஓடினார்கள். நான் மெஷின் இருக்கிற உள்ளறைக்குப் போனேன். ஒட்டியிருந்த கடிகாரத்தை எடுத்தேன். கேமரா நேரத்தைத் திருப்பிப் போட்டேன். பீப்பையும் போட்டுவிட்டேன். வேகத்தையும் பழையபடி நூறுக்கு இறக்க வேண்டும் என்று கை போனது, மனசு வரவில்லை. அது இவ்வளவு நாள் ஓடியிருக்கிறதே. சீசன் முடிய இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி. அப்படியே விட்டுவிட்டேன்.

போலீஸ் கேட்டபோது, படம் நின்றால் பீப் கத்தும், அண்ணாச்சி தூங்கியிருப்பார் என்றேன். மேல்மடைக் கேமராவை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, மெஷினில் பதிவும் வைக்கவில்லை, அதனால் என் பேச்சை மறுக்க எதுவும் இல்லை. அவர், "சாமி சத்தியமா நொடி ஓடிச்சு, தண்ணி தெளிவா இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து, "தம்பி, நீங்களாவது சொல்லுங்க, நொடி ஓடிச்சுன்னா படம் உசுரோட இருக்குன்னு நீங்கதான சொன்னிய?" என்றார். நான் சொன்னதை அவர் மறக்கவே இல்லை, நல்ல ஞாபகசக்தி.

அவருடைய மனைவி முத்துவடிவு அக்கா கடைக்கு வந்தார்கள். "அவுக தூங்குத ஆளு இல்ல தம்பி. ஒரு வார்த்தை நீங்க சொன்னா எடுபடும்" என்று அழுதார்கள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அவர்களுடைய செல்போனில் கண்ணாடி கீறியிருந்தது. காசு வாங்காமல் புதிது ஒட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அண்ணாச்சி உள்ளே போய் இன்றைக்குப் பதினைந்து நாள். இத்தனை நாள் வராதவன் இன்றைக்கு ஏன் வந்தான் என்று மேடம் கேட்டீர்கள். மனசாட்சி என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனாலும் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

கைப்பற்றிய மெஷினைப் பார்த்துச் சொல்ல உங்கள் ஆட்கள் சலீம் பாயைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த போர்டில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. கரண்டைப் பிடுங்கினாலும் அதுதான் வேகக் கணக்கை நினைவில் வைத்திருக்கும். அது பழைய பேட்டரி. கரண்டைப் பிடுங்கி இங்கே கொண்டுவந்ததும் செத்துவிட்டது; மெஷின் தானாக நூறுக்குத் திரும்பிவிட்டது. இதுகூடத் தெரியாமல் சலீம் பாய் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "இது பூட்டப்பட்ட பிராசஸர். இதன் வேகம் கூட்டப்படவில்லை. மெஷின் கம்பெனி வேகத்திலேயே சீராக இயங்கியுள்ளது." நேற்றுச் சாயங்காலம் குரூப்பிலும் போட்டுவிட்டார். "பாவம் நல்லக்கண்ணு, அது வேறு விஷயம். நம்ம ஆவுடை போட்ட நூற்றேழு சும்மா போட்டோ வித்தை. மெஷின் நூறில்தான் கிடந்தது" என்று. நாற்பத்தோரு பேரில் முப்பத்தாறு பேர் சிரித்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன்.

பதினான்கு வருஷம் தொழில் செய்கிறவனைப் பொய்யன் என்று சொன்னால் எப்படிப் பொறுப்பது? உண்மை வெளியே வந்தாக வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அண்ணாச்சியும் பாவம்தானே.

ஆகவே, மேலே எழுதியதெல்லாம் உண்மை. வேகத்தைக் கூட்டியது நான், பீப்பை நிறுத்தியது நான், செத்த படத்துக்கு ஓடுகிற நொடியை ஒட்டியது நான். படம் நின்றது தெரிந்தே ஆறு நிமிஷம் நின்று வேடிக்கை பார்த்ததும் நான்தான். நல்லக்கண்ணு அண்ணாச்சி நிரபராதி. எந்தக் கோர்ட்டிலும் இதைச் சொல்வேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் மேடம். என் சட்டைப் பையில் ஒரு புது பேட்டரி கொண்டுவந்திருக்கிறேன். கைப்பற்றிய மெஷினை ஐந்து நிமிஷம் கொடுங்கள், நூற்றேழில் ஓட்டிக் காட்டுகிறேன். சலீம் பாயையும் வரச் சொல்லுங்கள், அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.